கோப்பிக்குச் சோறு வைப்பவர்கள்

1

நான் மலேசியா வந்து இருபத்தைந்து வருடம் நிறைந்த அன்று காலையில், கிள்ளான் வீட்டின் கார் நிறுத்துமிடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நாய் கக்கியதைப் பழைய செய்தித்தாளால் வழித்துக்கொண்டிருந்தேன்.

எடுத்த எடுப்பிலேயே இதையா எழுதுவாள் என்று ஊரில் படிக்கும் நீங்கள் முகம் சுளிக்கலாம். தாராளமாகச் சுளித்துக்கொள்ளுங்கள். நான் பல மாதமாகச் சுளித்த முகத்தோடுதான் நடமாடினேன்.

அந்தக் கக்கலைப் பார்த்தே யார் யார் என்ன போட்டார்கள் என்று சொல்லிவிடலாம். மெல்லாமல் விழுங்கிய ரொட்டி சானாய், அதாவது இந்த ஊர்ப் பரோட்டா, மேலே பருப்புக் குழம்பின் மஞ்சள் எண்ணெய்: அது என் கணவர் சேகர். கூராக உடைந்த கோழி எலும்பும் கறிவேப்பிலையும்: அது பக்கத்து வீட்டு ராஜி அக்கா, வேலிக்கு மேலாக வீசியது. ஊறிப் பருத்த நாய்த் தீவன உருண்டைகள்: அவை என் மகள் தர்ஷினி சிங்கப்பூரிலிருந்து அனுப்பியவை. இவர்கள் எல்லோரும் அந்த நாய்மேல் உயிரையே வைத்திருந்தார்கள். அள்ளுகிற வேலை மட்டும் என்னுடையது.

சேகர் தேநீர்க் கோப்பையோடு வாசலுக்கு வந்தார்.

"மல்லிகா, இன்னிக்கு என்ன நாள் தெரியுமா? நீ இங்க வந்து இருபத்தஞ்சு வருசம். வெளிய போய் சாப்பிடலாம்லா."

"இதப் பாத்துட்டுச் சொல்லுங்க. நேத்து ரொட்டி யாரு குடுத்தது?"

"ஒரு துண்டுதான். பாவமா மூஞ்சப் பாத்துச்சுலா."

"இது ஒரு துண்டா?"

அவர் செய்தித்தாளைப் பார்த்தார், மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். காருக்கு அடியில் கோப்பி முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு நின்றிருந்தது. கூப்பிட்டேன், வரவில்லை. தண்ணீரை அருகில் நகர்த்தினேன், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. எதைக் கண்டாலும் பாய்கிற பிராணி அது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

2

கோப்பி என் மகளின் நாய். இங்கே காபியைக் கோப்பி என்பார்கள். நான் இன்னும் காபி என்றுதான் சொல்கிறேன். நாயையும் அப்படியே கூப்பிடுவேன், அது திரும்பியே பார்க்காது. "மா, பேரு கோப்பி" என்று தர்ஷினி திருத்துவாள். என் தமிழைத் திருத்துவதில் அவளுக்கு எப்போதும் ஒரு சந்தோஷம்.

கல்லூரியில் படிக்கும்போது செராஸில் இருந்த தோழி வீட்டிலிருந்து தூக்கி வந்தாள். பாதி பீகிள், பாதி தெருநாய். தொங்கும் காதுகள், சுட்ட வெல்லத்தின் நிறம். எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சத்தியம் செய்தாள். பிறகு சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. உடுப்புகள் போயின, காலணிகள் போயின, பூச்செடிகூடத் தோழி வீட்டுக்குப் போயிற்று. நாய் எங்களிடம் தங்கிவிட்டது.

அது சாப்பிட்ட முதல் பாத்திரம் காலியான ஐஸ்கிரீம் டப்பா. அதைக் கடித்துத் துப்பியபின் சேகர் பாசார் மாலாமிலிருந்து, அதாவது மாலை நேரத் தெருச்சந்தையிலிருந்து, இளஞ்சிவப்புப் பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்றை வாங்கி வந்தார். அதன் அடியில் விரலை வைத்துப் பார்த்தால்தான் நான் சொல்வது புரியும். எச்சிலும் எண்ணெயும் சேர்ந்து ஒரு பசையாகப் படிந்திருக்கும். விரல் வழுக்கும், நூல்போல இழுபடும். நாய் நக்கி நக்கிப் பளபளப்பாக்கி வைத்ததால் எல்லோரும் அதைச் சுத்தம் என்று நினைத்தார்கள். ஒருநாள் சேகர் அதைக் கழுவப் போனார். எதைக்கொண்டு கழுவினார் தெரியுமா? நாங்கள் சாப்பிடும் தட்டுகளைத் தேய்க்கும் பஞ்சால். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு புடவைக் கடையில் ரவிக்கை தைக்கிறேன். விடிவதற்குள் ரயில் பிடித்தாக வேண்டும். சேகருக்குத் துறைமுகக் கிடங்கில் மாறி மாறி வரும் வேலைநேரம். நாய்க்கு யார் எப்போது வைக்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. இதைக் கேட்ட தர்ஷினி ஓர் இயந்திரத்தை அனுப்பினாள். தீவனத்தை நிரப்பி வைத்தால் நேரத்துக்குக் கொட்டும். கொட்டும்போது அவள் குரலே வரும்: "கோப்பி! கோப்பி! மாக்கான்!" மாக்கான் என்றால் மலாயில் சாப்பாடு.

முதல் சில நாள், அந்தக் குரல் கேட்டதும் நாய் ஓடும் முன்பு நான் ஓடினேன். எனக்கு வாரம் ஒருமுறை அழைத்தால் அதிகம். நாயைத் தினம் இரண்டு வேளை கூப்பிட்டாள். அந்த இயந்திரம் எனக்கு ஒட்டாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஒட்டாததற்கு வேறு காரணமும் உண்டு. கிள்ளானின் ஈரக் காற்றில் தீவனம் கட்டி தட்டியது. எறும்பு புகுந்தது. ஒருநாள் மூடியைத் திறந்தேன். உருண்டைகள்மேல் சாம்பல் நிறப் பூஞ்சை, நடுவில் ஒரு கரப்பான் மீசையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கீழே என் மகளின் குரல் உற்சாகமாகச் சாப்பிடக் கூப்பிட்டது.

3

திண்டுக்கல்லில் என் தங்கை இதையெல்லாம் தொலைபேசியில் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "நம்ம கடை நாயிங்க என்ன தட்டுலயாடீ தின்னுச்சு?"

இல்லைதான். பேருந்து நிலையத்தை ஒட்டி எங்கள் அப்பா ஓர் உணவுக்கடை வைத்திருந்தார். முன்பக்கம் விபூதி, ஊதுவத்தி, வாருங்கள் வாருங்கள். பின்பக்கம் எச்சில் இலை போடும் பீப்பாய். பள்ளிவிட்டு அந்தச் சந்து வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். புளித்த ரசம், நசுங்கிய இலை, வெயிலில் வெந்த மோர்ச்சோறு. அதற்குள் தலையை விட்டுக்கொண்டு நாய்கள் ஒன்றையொன்று கிழிக்கும். காது அறுந்து, வாயில் புண்ணோடு, விலா எலும்பும் ஊதிய வயிறுமாக ஒரு பெட்டை நாய் இருந்தது. தின்னும், கக்கும், கக்கியதை மறுபடி தின்னும். கடைக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்து, "புண்ணியம், இதுங்களும் இங்கதான் பொழைக்குது" என்பார்கள்.

எனக்கு அதில் புண்ணியம் தெரியவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு ஓடுவேன். கல்யாணம் பேசி வந்தபோது, மாப்பிள்ளை கடல் கடந்த ஊர் என்றதும் நான் முதலில் நினைத்தது அந்தச் சந்துக்குள் இனி கால் வைக்க வேண்டாம் என்றுதான். இங்கே வந்தால், தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் உணவுக்கடைகளுக்குப் பின்னால் அதே வாடை. கெட்டிப்பாலின் இனிப்பு மட்டும் கூடுதல். இப்போது அது என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது.

4

கோப்பியைத் துண்டில் சுற்றி மருத்துவமனைக்குத் தூக்கிப்போனோம். கால்நடை மருத்துவர் எங்களவர்தான், முடியைக் குட்டையாக வெட்டிய நடுவயதுப் பெண். வயிற்றில் கை வைத்ததும் கோப்பி முனகியது.

"யாரு இதுக்குச் சாப்பாடு போடறது?"

"நான்தான்" என்றார் சேகர். அதே நேரத்தில் நானும் "நான்தான்" என்றேன்.

மருத்துவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் போடறீங்கன்னா, யாருமே ஒழுங்கா போடலன்னு அர்த்தம். என்ன குடுக்கறீங்க?"

"நாய் பிஸ்கட்டுதான் டாக்டர்" என்றார் சேகர்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. காலையில் செய்தித்தாளில் பார்த்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். சேகர் சுவரில் மாட்டியிருந்த பூனைப் படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கணையம் வீங்கியிருந்தது. கொழுப்பும் எண்ணெயும் தொடர்ந்து போனால் இப்படித்தான் ஆகும் என்றார் மருத்துவர். குழம்பில் கிடக்கும் வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு, சமைத்த எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கும் என்றும் சொன்னார். "பொழைக்குமா?" என்று கேட்டேன். "தங்க வெச்சிட்டுப் போங்க. சொல்ல முடியாது." கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அதன் முன்காலில் ஊசி ஏற்றினார்கள். போகும்போதும் வரும்போதும் சேகர் கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் கார் ஓட்டினார். இருபத்தைந்தாம் ஆண்டு விருந்து நடக்கவில்லை.

பிழைத்தது. கூட்டிவரப் போன அன்று மருத்துவர் அதன் தாடையைத் தூக்கிக் காட்டினார். ரோமத்துக்கு அடியில் சிவந்த பருக்கள், சில சீழ் கோத்தவை. "பிளாஸ்டிக் கிண்ணம், இல்லையா? கீறல் விழுந்த எடத்துல கிருமி தங்கிடும். எவர்சில்வர் வாங்குங்க. நகராம இருக்க அடியில ரப்பர் வளையம் வேணும். ரொம்ப வேகமா முழுங்குது, அதனால நடுவுல மேடு மேடா இருக்கறதா பாருங்க. தண்ணிக்கு வேற கிண்ணம். ஒவ்வொரு வேளையும் சோப்புப் போட்டுக் கழுவணும்."

காலை ஒருமுறை, மாலை ஒருமுறை, ஒரே இடத்தில், அளந்து. கால்மணி நேரம் வைத்திருந்துவிட்டு, மிச்சமிருந்தாலும் எடுத்துவிட வேண்டும். தின்றவுடன் ஓடவிடக் கூடாது. மனிதர்கள் சாப்பிடும் மேசைக்கு அருகில் வரவே கூடாது. "போடறது ஒரே ஆளா இருக்கட்டும்" என்று முடித்தார். சேகர் என்னைக் கை காட்டினார். அதில் மட்டும் அவருக்குத் தாமதமே இல்லை.

5

பிரிக்பீல்ட்ஸில் வேலை முடிந்து, செல்லப்பிராணிப் பொருள்கள் விற்கும் கடை ஒன்றுக்குள் போனேன். ஒரு சுவர் முழுக்கக் கிண்ணங்கள். எலும்பு வடிவம், இதய வடிவம், தங்க முலாம், "இளவரசி" என்று ஆங்கிலத்தில் எழுதியது. மரக் காலில் உயர்த்தி வைத்த சாப்பாட்டு மேசை ஒன்று, எங்கள் கடையில் கூலிக்குத் தைக்கும் பெண்கள் சோறு உண்ணும் பலகையைவிட நன்றாக இருந்தது. ஒரு பெண் தன் நாயின் கழுத்துப் பட்டைக்குப் பொருந்தும் நிறத்தில் பீங்கான் கிண்ணம் தேடிக்கொண்டிருந்தாள். அந்த நாய்க்கு மூச்சு வாங்கியது. வயிறு தரையைத் தொட்டது. கிண்ணத்தின் நிறத்தைப் பார்க்கிறவளுக்கு நாயின் வயிறு கண்ணில் படவில்லை. திண்டுக்கல் பெட்டை நாய் நினைவுக்கு வந்தது. ஒன்று பீப்பாயில் தின்றது, இது பீங்கானில் தின்னப்போகிறது. எனக்கு இரண்டையும் பார்க்கச் சகிக்கவில்லை.

கடையில் நின்ற மலாய்க்காரப் பையனிடம், ஒரு கிண்ணத்தைக் காட்டி, இது உங்கள் கிண்ணமா, அதாவது விற்பனைக்கா என்று கேட்க நினைத்தேன். "அவாக் மங்கோக்?" என்றேன். அவன் முகம் மாறியது. மங்கோக் என்றால் கிண்ணம். பேச்சுவழக்கில் அதற்கு முட்டாள் என்றும் பொருள். நீ முட்டாளா என்று நான் கேட்டிருக்கிறேன். இருபத்தைந்து வருடம் இந்த நாட்டில் இருந்ததற்கு இதுதான் பலன். பக்கத்தில் நின்ற அந்தப் பீங்கான்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் மேடு வைத்த எவர்சில்வர் கிண்ணம் ஒன்றையும் தண்ணீருக்கு ஒன்றையும் எடுத்துக்கொண்டு வெளியேறினேன்.

6

இயந்திரத்தின் மின்கம்பியைப் பிடுங்கிப் பெட்டியில் போட்டேன். பிளாஸ்டிக் கிண்ணம் குப்பைக்குப் போனது. காலையில் ரயிலுக்கு முன், மாலையில் வந்து செருப்பைக் கழற்றியதும், அளந்து வைத்தேன்.

கோப்பி முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. கால்மணி நேரம் கழித்துக் கிண்ணத்தை எடுத்தேன். மறுவேளையும் அப்படியே. சாப்பாட்டு அறைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து, எங்கள் கை வாய்க்குப் போவதையும் வருவதையும் பார்த்தது. அதன் வாயிலிருந்து எச்சில் கயிறாகத் தொங்கியது.

"கெசியான்லா மல்லிகா" என்றார் சேகர். பரிதாபம் என்று அர்த்தம். "நாம மட்டும் மீன் தின்னுக்கிட்டு... உனக்குக் கல்லு மனசுலா."

"அத டாக்டர்ட்டத் தூக்கிட்டுப் போகையில அழுதது யாரு?"

"அது வேற, இது வேற."

அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தார். அவரோடு சரியாகப் பேச்சில்லாமலே சில நாள் போனது. பசி முற்றியதும் கோப்பி தின்றது. மேடுகளுக்கு இடையில் நாக்கை விட்டு மெல்ல மெல்லத் தின்றது. அது மெல்லும் சத்தத்தை அப்போதுதான் நான் முதன்முதலாகக் கேட்டேன். கக்கவில்லை.

ராஜி அக்காவைச் சமாளிப்பது இன்னும் கஷ்டம். வேலியருகே நின்று, "அக்கா, இனிமே எலும்பு போடாதீங்க, அதுக்கு ஒத்துக்கல" என்று தணிவாகத்தான் சொன்னேன்.

"என்ன மல்லிகா, எங்க வீட்டுக் கறி உங்க நாய்க்கு ஆகாதா? எத்தன வருசமா போடறேன், நேத்து வந்த டாக்டர் சொல்லிட்டாரா?"

"செத்துப் பொழைச்சிருக்குக்கா."

"சரிலா. எங்க கை படறதே உங்களுக்கு அருவருப்பா இருக்கு போல." கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு என்னைக் கண்டால் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டு உள்ளே போனார். இந்த ஊரில் எனக்கு முதன்முதலில் ரசப்பொடி கொடுத்தவர் அவர்தான். மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை. அவர் வீட்டு எலும்புத் துண்டுகளை வெறுங்கையால் பொறுக்கியவள் நான்.

7

தீபாவளிக்குத் தர்ஷினி தோழிகள் நான்கு பேரோடு வந்தாள். இங்கே தீபாவளி என்றால் திறந்த இல்ல விருந்து. யார் வேண்டுமானாலும் வருவார்கள், தின்பார்கள், போவார்கள். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு ஆட்டுக்கறி பரிமாறிக்கொண்டிருந்தேன். கோப்பியைப் பின்கட்டில் கட்டிவைத்து, யாரும் எதுவும் கொடுக்கக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் பின்கட்டிலிருந்து கைதட்டலும் சிரிப்பும் கேட்டன. போய்ப் பார்த்தால், கோப்பி நடுவில் நிற்கிறது. என் மகள் கைப்பேசியைப் பிடித்துப் படம் எடுக்கிறாள். அவள் தோழி தன் தட்டிலிருந்து ஒவ்வொரு துண்டாக நாயின் வாய்க்கு மேலே ஆட்டி ஆட்டிப் போடுகிறாள். எண்ணெய் நாயின் காதில் வழிகிறது. அந்த விரலையே நக்கிவிட்டு அவளும் தின்கிறாள்.

"தர்ஷினி, நிறுத்து."

"மா, ஒரு நாள்தான்லா. தீபாவளி அதுக்கும்தானே?"

அதற்குள் கோப்பி தலையை உதறியது. முன்காலால் வாயைப் பிறாண்டியது. தொண்டையிலிருந்து ஒரு வறட்டுச் சத்தம் வந்தது. வாய் மூடவில்லை. நுரை கொட்டியது. தோழிகள் பின்வாங்கிச் சுவரோரம் ஒண்டினார்கள். தர்ஷினியின் கையில் கைப்பேசி அப்படியே நின்றது.

நான் தரையில் மண்டியிட்டு நாயின் கழுத்தை இரு முழங்காலுக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்தேன். ஒரு கையால் மேல்தாடையைத் தூக்கி, மறுகையை உள்ளே விட்டேன். சூடான சளி. பல் புறங்கையைக் கிழித்தது. மேலண்ணத்தில் பல் வரிசைகளுக்குக் குறுக்கே ஓர் ஆட்டெலும்பு சிக்கியிருந்தது. விரலை அதன் பின்னால் கொடுத்து நெம்பினேன். வழுக்கியது. மறுபடி நெம்பினேன். வந்தது. கூடவே பாதி மென்ற கறியும் நுரையும் என் பட்டுப் புடவை மடியில் கொட்டின.

"யக்... ஆன்டி!" என்றாள் ஊட்டிவிட்ட தோழி.

நான் எழுந்தேன். அவள் தட்டில் அந்த எலும்பை வைத்தேன்.

"இதுவும் தீபாவளிக்குத்தான். படம் எடுத்துக்கோங்க."

தர்ஷினிதான் முதலில் வாய் திறந்தாள். "மா, என் ஃப்ரண்ட்ஸ் முன்னாடி ஏன் இப்படி? நாயை நானே சிங்கப்பூருக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்."

"போ. வாடகை ரூம்ல நாய விடறாங்களான்னு கேட்டுட்டு வந்து கூட்டிட்டுப் போ. அதுக்கு ஒரு வேளைக்கு எவ்வளவு வைக்கணும்? சொல்லு."

அவளுக்குத் தெரியாது.

வேலிக்கு அந்தப்புறம் ராஜி அக்கா நின்றிருந்தது அப்போதுதான் தெரிந்தது. அவர் நேராக எங்கள் வீட்டுக்குள் வந்தார். என் புறங்கையில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தார். குழாயடிக்கு இழுத்துப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினார். "ஊசி போட்டுக்கணும்லா. என் மகன் கார்ல கூட்டிட்டுப் போறேன், வா" என்றார். புடவையில் நாய்க் கக்கலோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். வழியெல்லாம் அவர் என் கையை விடவில்லை.

8

தோழிகள் மறுநாளே கிளம்பிவிட்டார்கள். தர்ஷினி விடுப்பு முடியும்வரை இருந்தாள். என்னோடு அதிகம் பேசவில்லை. ஆனால் நான் கோப்பிக்கு வைக்கும்போதெல்லாம் வந்து வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். ஒருமுறை அளவுக் கிண்ணத்தை வாங்கித் தானே நிரப்பினாள். கூம்பாகக் குவித்துவிட்டாள். நான் விரலால் வழித்துச் சமன் செய்தேன். அடுத்த வேளை அவளே வழித்தாள்.

கிளம்புவதற்கு முன், "மா, லைசென்ஸ உங்க பேருக்கு மாத்திடலாம்" என்றாள். இங்கே நாய் வளர்க்க உரிமம் வேண்டும். அது அவள் பெயரில் இருந்தது.

உள்ளூராட்சி அலுவலகத்தில் வரிசையெண் வாங்கி, ஒரு சாளரத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பப்பட்டு, அங்கே ஒரு நகல் இல்லை என்று வெளியே துரத்தப்பட்டு, நகல் எடுத்து வந்தால் மதிய உணவு இடைவேளை. பிளாஸ்டிக் நாற்காலியில் யாரோ ஒட்டிவிட்டுப் போன சூயிங்கம் என் புடவையில் ஒட்டியது. கடைசியில் ஒரு சாளரத்தில் கண்ணாடி போட்ட மலாய்ப் பெண் எழுத்தர் அமைதியாகக் கேட்டார், யாருடைய நாய் என்று.

தர்ஷினி பேசுமுன் நான் முந்திக்கொண்டேன். என் மகளுடைய நாய் என்று சொல்ல வேண்டும். தமிழில் எப்படி வருமோ அதே வரிசையில் மலாய்ச் சொற்களை அடுக்கினேன். "அனாக் சாயா அஞ்சிங்."

எழுத்தர் பேனாவை வைத்துவிட்டு என் மகளை ஏற இறங்கப் பார்த்தார். மலாயில் பொருள் முன்னால் வரும், அதற்கு உரியவர் பின்னால். நான் சொன்னதற்குப் பொருள், என் மகள் நாய்.

"மா!" என்று தர்ஷினி என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். தீபாவளிக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். எழுத்தரும் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்தார். எனக்கு மானம் போனது.

சிரிப்பு அடங்கியதும் எழுத்தர் தர்ஷினியைக் கேட்டார், பெயரை ஏன் மாற்றுகிறீர்கள் என்று. வெளிநாட்டில் வேலை என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். வரும் வழியில் அப்படித்தான் பேசிவைத்திருந்தோம்.

அவள் சற்று யோசித்தாள். "டியா யாங் பாகி மாக்கான்" என்றாள்.

இவர்தான் சாப்பாடு போடுகிறவர்.

எழுத்தர் தலையாட்டிவிட்டு என் அடையாள அட்டையைக் கேட்டார். பொது இடத்தில் கண் கலங்குகிறவர்களை எனக்குப் பிடிக்காது. கைப்பையைத் துழாவினேன். அட்டை மேலேயேதான் இருந்தது. எடுக்கத்தான் கொஞ்சம் நேரமாகியது.